9,800 ரூபாய் ஒயரும் மீட்டர் 60 ரூபாய் ஒயரும்

என் நைனா தண்டையார்பேட்டையில் மைக் செட் வைத்திருந்தவர். ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவுக்குத் தெரு கம்பம் ஏறிக் குழாய் கட்டியவன் நான். அதனால் ஸ்பீக்கர் ஒயர் விஷயத்தில் யாரும் என்னை ஏமாற்ற முடியாது என்று ஒரு திமிர் இருந்தது. போன வருடம் அந்தத் திமிருக்கு 9,800 ரூபாய் பில் போட்டுக் கையில் கொடுத்தார்கள்.

எங்கள் ஏரியாக்காரர்களுக்கு அகஸ்தியா தியேட்டர் என்றால் சொல்லவே வேண்டாம். 2020-ல் அதை மூடிவிட்டார்கள். அந்த வருத்தத்தில்தான் வீட்டு ஹாலில் 5.1 செட் (ஐந்து ஸ்பீக்கர், கனமான அடிச்சத்தத்துக்கு ஒரு சப்வூஃபர்) போட்டேன். ஹால் 10-க்கு 16 அடி. மூன்றாவது மாடி. காசிமேடு மீன்பிடித் துறைமுகம் நடந்து போகிற தூரம். சாயங்காலம் ஜன்னலைத் திறந்தால் உப்புக் காற்று நேராக உள்ளே வரும். இந்தக் காற்றுக்கும் ஒயருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

செட் வாங்கிய நாளிலிருந்தே பின்னால் இருக்கிற இரண்டு ஸ்பீக்கரும் மந்தம். ரிசீவரோடு (எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டுகிற ஆம்பிளிஃபயர் பெட்டி) வந்த மைக்கை சோபாவில் வைத்து அளவெடுக்க விட்டேன். அது தானாகவே பின் ஸ்பீக்கர்களுக்கு 4.5 டெசிபெல் ஏற்றிவைத்தது. சத்தம் வந்தது, தெளிவு வரவில்லை. படத்தில் மழை பெய்தால் பின்னால் யாரோ அரிசி புடைக்கிற மாதிரி இருந்தது. சரி, ஒயரை மாற்றிப் பார்ப்போம் என்று நகரத்துக்குள் ஒரு பெரிய ஆடியோ ஷோரூமுக்குப் போனேன். பெயர் வேண்டாம்.

அங்கே ஏசியில் உட்காரவைத்து, காபி கொடுத்து, நகைப் பெட்டி மாதிரி ஒரு பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே பாம்பு கனத்தில் பின்னல் போட்ட கேபிள், முனையில், துவாரத்தில் சொருகுவதற்கு, தங்க முலாம் பூசிய பனானா பின். முன் ஸ்பீக்கர்களுக்கு 3 மீட்டர் ஜோடி. "பின்னாடி ஸ்பீக்கர்ல வெறும் எஃபெக்ட்தான் சார் வரும், முதல்ல ஃப்ரன்ட்ட மாத்துங்க" என்றார் அந்தத் தம்பி. ஆக்சிஜன் இல்லாத செம்பு என்றார். நூறு மணி நேரம் ஓடினால்தான் கேபிள் 'திறக்கும்' என்றார். கேபிள் மேல் ஒரு அம்புக்குறி இருந்தது. அது ரிசீவரிலிருந்து ஸ்பீக்கர் பக்கம் பார்க்க வேண்டுமாம். ஸ்பீக்கர் ஒயரில் போவது ஆடியோ சிக்னல், முன்னும் பின்னுமாக நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை திசை மாறுகிற மின்சாரம். போகும்போது அம்பு வழி காட்டும் என்றே வைத்துக்கொள்வோம், வரும்போது என்ன செய்யும்? இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் கார்டை நீட்டினேன். ஏசியும் காபியும் அப்படி.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாட்டிய முதல் வாரம் எனக்கு வித்தியாசம் கேட்டது. குரல் தனியாக நிற்கிறது, தவிலில் தோல் அதிர்வது தெரிகிறது என்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். என் மனைவி பாதி பாட்டு கேட்டுவிட்டு, "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது. உங்க மூஞ்சிதான் பிரகாசமா இருக்கு" என்று உள்ளே போய்விட்டாள். அது உறுத்தியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சானை வரச்சொன்னேன். தண்டையார்பேட்டை மார்க்கெட் பக்கம் எலெக்ட்ரிக்கல் கடையில் மீட்டர் 60 ரூபாய்க்கு இரண்டு கோர் ஃப்ளெக்ஸிபிள் ஒயர், ஒன்றரை ஸ்கொயர் (செம்பின் குறுக்களவு ஒன்றரை சதுர மில்லிமீட்டர்), வாங்கி அதற்கும் சாதாரண பனானா பின் போட்டு வைத்திருந்தேன். இரண்டு ஒயரையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிவிட்டு, என் கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டேன். மச்சான் காசு சுண்டுவான். தலை விழுந்தால் ஒயரை மாற்ற வேண்டும். பூ விழுந்தால் பின்னைக் கழற்றி, அதையே திரும்பச் சொருக வேண்டும், அதே சத்தத்தோடு. ரிசீவரில் வால்யூமைத் தொடக்கூடாது. ஒரே பாட்டில் ஒரே இடம், ஒரு நிமிடம். எந்த ஒயர் என்று நான் சொல்ல வேண்டும்.

12 தடவையில் 7 சரி. மகன் 6. மனைவி 5. காசைச் சுண்டி அந்தக் காசையே பதில் சொல்லச் சொல்லியிருந்தாலும் இந்த மார்க்தான் வந்திருக்கும். மச்சான் அன்றைக்கு பிரியாணி சாப்பிட்டு முடிக்கும் வரை சிரித்துக்கொண்டிருந்தான்.

காது விஷயம் இதோடு முடிந்தது. ஆனால் நைனா சொல்லிக்கொடுத்த பழக்கம், அளந்து பார்க்காமல் விடமாட்டேன். ஒரு ஓம்ஸுக்குக் குறைவான ரெசிஸ்டன்ஸை, அதாவது மின்தடையை, சாதாரண மல்டிமீட்டர் சரியாகக் காட்டாது. அதன் இரண்டு முனையை ஒன்றோடொன்று தொட்டாலே ஏதோ ஒரு எண் காட்டும், அது மீட்டர் ஒயரின் எண். அதனால் ஒயரின் ஒரு முனையில் இரண்டு கோரையும் முறுக்கிவிட்டு, மறு முனையில் பவர் சப்ளையிலிருந்து சரியாக 1 ஆம்பியர் அனுப்பினேன். முனைக்கு முனை எத்தனை வோல்ட் விழுகிறதோ அத்தனை ஓம்ஸ். 9,800 ரூபாய் கேபிளில் 0.05 வோல்ட். 60 ரூபாய் ஒயரில் 0.08. விலை உயர்ந்தது தடிமனானது, அதனால் குறைவு, உண்மைதான். ஆனால் 6 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு முன்னால் அந்த 0.03 ஓம்ஸ் எவ்வளவு? கணக்குப் போட்டால் ஒரு டெசிபெல்லில் சுமார் இருபதில் ஒரு பங்கு. பாட்டு ஓடும்போது ஒரு டெசிபெல்லையே பிடிப்பது கஷ்டம். ஆக்சிஜன் இல்லாத செம்பு கதையும் இப்படித்தான்: வீட்டு ஒயரிங்குக்கு வருகிற நல்ல செம்பே 99.9 சதவீதம் சுத்தம்.

அப்புறம்தான் செட்டோடு இலவசமாக வந்த ஒயரை அதே மாதிரி அளந்தேன், பின் ஸ்பீக்கருக்குப் போயிருந்த ஒயர். ரிசீவரிலிருந்து கிளம்பி, சமையலறை நிலைக்கு மேலே ஏறி, சுவரைச் சுற்றி இறங்க 11 மீட்டர். போக வர 22. உரித்துப் பார்த்தால் தலைமுடி மாதிரி ஏழே இழை. மீட்டர் 1.8 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. 6 ஓம்ஸ் ஸ்பீக்கருக்குப் போகிற வழியிலேயே 1.8 ஓம்ஸ்! ஸ்பீக்கருக்குச் சேரவேண்டிய பவரில் 40 சதவீதத்துக்கு மேல் போச்சு. அதோடு முடியவில்லை. ஸ்பீக்கரின் 6 ஓம்ஸ் என்பது பெட்டியில் ஒட்டிய எண்தான். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அது ஏறி இறங்கும். வழியில் இவ்வளவு தடை இருந்தால் சில ஸ்வரம் அதிகம் தேயும், சில குறைவாகத் தேயும். மைக் அளவெடுத்து மொத்தச் சத்தத்தை ஏற்றினாலும் தெளிவு வராததன் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். அந்தத் தம்பி எந்த ஸ்பீக்கரை விட்டுவிடச் சொன்னாரோ, கோளாறு அங்கேதான்.

நைனாவின் குழாய் ஒயர் இதைவிடப் பெரிய தடிமன் ஒன்றும் இல்லை, ஆனால் தெருக்கோடி வரை போகும். அது 100 வோல்ட் லைன். ஆம்பிளிஃபயரில் வோல்டேஜை ஏற்றி அனுப்பி, ஒவ்வொரு குழாயிலும் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மரால் இறக்குவார்கள். வோல்டேஜ் ஏறினால் கரன்ட் குறையும், ஒயரில் நஷ்டமும் குறையும். வீட்டு ஸ்பீக்கரில் அந்த டிரான்ஸ்ஃபார்மர் இல்லை, அதனால் தடிமன்தான் ஒரே வழி. ஒயரின் ரெசிஸ்டன்ஸ் ஸ்பீக்கர் ஓம்ஸில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்பது பொதுவான கணக்கு. என் 6 ஓம்ஸுக்கு 0.3. பதினொரு மீட்டருக்கு ஒன்றரை ஸ்கொயர் செம்பு 0.29-ல் நிற்கிறது. அதற்கு மேல் தூரம் போனாலோ 4 ஓம்ஸ் ஸ்பீக்கராக இருந்தாலோ ரெண்டரை ஸ்கொயர் போடுங்கள்.

செம்பு என்பதை அழுத்திச் சொல்கிறேன். பின் ஸ்பீக்கருக்கு முதலில் ஆன்லைனில் ஒரு சுருள் வாங்கினேன், ரொம்ப மலிவு, படத்தில் பளபளவென்று செம்பு நிறம். கையில் எடுத்தால் காகிதம் மாதிரி கனமே இல்லை. சந்தேகப்பட்டுத் தெருமுனைக் காயலாங்கடைக்குக் கொண்டுபோனேன். அவர் ஒரு இழையைப் பிடித்து பிளேடால் ஒரு தடவை சுரண்டினார். "இன்னாணா, மேல்தான் செம்பு, உள்ள வெள்ளையா கீது பாரு. அலுமினியம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். செம்பு முலாம் போட்ட அலுமினியம். ஒரே தடிமனில் செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் ரெசிஸ்டன்ஸ், நாலு தடவை மடக்கினால் இழை ஒடிந்தும் போகும். ஸ்பீக்கர் ஒயர் வாங்கப் போகிறவர்கள் பாக்கெட்டில் ஒரு பிளேடு வைத்துக்கொள்வது நல்லது.

மார்க்கெட் ஒயரையே பின்னாலும் ஓட்டினேன். இரண்டு ஸ்பீக்கருக்கும் 22 மீட்டர், 1,320 ரூபாய். திரும்ப மைக் வைத்து அளவெடுத்தால் ரிசீவர் இப்போது ஏற்றியது 2.5 டெசிபெல்தான். மழை, மழை மாதிரிக் கேட்டது. இந்தச் செலவில் காதால் உணர்ந்த ஒரே மாற்றம் இதுதான் என்று இங்கேயே முடித்திருப்பேன், எச்.டி.எம்.ஐ. மட்டும் வந்திருக்காவிட்டால்.

டிவியிலிருந்து ரிசீவருக்கு அதுவரை ஆப்டிக்கல் கேபிள். அதில் பழைய டால்பி டிஜிட்டல் 5.1 வரைதான் போகும். ஓடிடி படங்களில் தலைக்கு மேலிருந்தும் சத்தம் கேட்கவைக்கிற டால்பி அட்மாஸ் வருவது டால்பி டிஜிட்டல் பிளஸ்ஸில், அதற்கு எச்.டி.எம்.ஐ.யின் ஏ.ஆர்.சி. துவாரம் (டிவியின் சத்தத்தை ரிசீவருக்குத் திருப்பி அனுப்புவது) வேண்டும். ஒன்றரை மீட்டர் கேபிள் 450 ரூபாய்க்கு வாங்கினேன். (6,000 ரூபாயிலும் காட்டினார்கள். டிஜிட்டல் சிக்னல் முழுசாக வந்து சேர்ந்தால் அதற்கு மேல் நன்றாக வர வழியில்லை. சேராவிட்டால் சத்தம் விட்டுவிட்டு வரும், படத்தில் புள்ளி புள்ளியாக மின்னும். பத்து மீட்டர் ஓட்டுகிறவர்கள் கவலைப்படட்டும்.) மேலே ஸ்பீக்கர் கட்டாததால் எனக்கு அட்மாஸின் முழுப் பலன் இல்லை என்பது வேறு கதை.

கேபிளைச் சொருகிய அன்று ராத்திரியே சப்வூஃபரில் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல். படம் ஓடாவிட்டாலும் இரைச்சல். அதே ஷோரூமுக்கு போன் போட்டால், ஷீல்டிங் நன்றாக உள்ள சப்வூஃபர் கேபிள் இருக்கிறது, 5,500 என்றார்கள். இந்தத் தடவை ஏசியும் இல்லை, காபியும் இல்லை. எனக்குப் புத்தி வேலை செய்தது. ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிப் பார்த்தேன். செட்டாப் பாக்ஸின் பின்னால் இருக்கிற கேபிள் டிவி ஒயரைக் கழற்றியதும் கப்சிப்.

மொட்டை மாடிக்கு மொட்டை மாடி தாவி வருகிற அந்த ஒயரின் வெளிப்பின்னலுக்கு எங்கோ ஒரு எர்த்து. என் சப்வூஃபரின் மூன்று பின் பிளக்குக்கு வீட்டு எர்த்து. இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்காது. இத்தனை நாள் நடுவில் இருந்தது ஆப்டிக்கல், அதில் வெளிச்சம்தான் போகும், மின்சாரம் போகாது. இரண்டு எர்த்தும் சந்திக்கவே இல்லை. நான்தான் எச்.டி.எம்.ஐ. போட்டு இரண்டையும் சேர்த்துவைத்தேன். அந்த மட்ட வித்தியாசம்தான் ஒயர் வழியே ஓடி இரைச்சலாகக் கேட்டது. கேபிள் டிவி ஒயருக்கு நடுவில் மாட்டி எர்த்துத் தொடர்பை மட்டும் துண்டிக்கிற ஐசொலேட்டர் ஒன்று, 350 ரூபாய், இரைச்சல் நின்றது. 5,500 ரூபாய் கேபிள் போட்டிருந்தாலும் அது நின்றிருக்காது, எர்த்துகள் அப்படியேதானே இருந்திருக்கும். இரைச்சல் போக சப்வூஃபர் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்கிறவர்கள் எங்கள் பக்கம் உண்டு. தயவுசெய்து வேண்டாம். லீக்கேஜ் ஆனால் உங்களைக் காப்பாற்றுவது அந்தப் பின்தான்.

கடல் காற்றுக்கு வருகிறேன். சைவ சித்தாந்தத்தில் உயிரோடு ஆணவம் ஒட்டியிருப்பதற்கு செம்பில் களிம்பைத்தான் உவமை சொல்வார்கள். அந்த உவமையை நேரில் பார்க்க ஆசைப்பட்டால் காசிமேடு பக்கம் ஒரு வருடம் ஸ்பீக்கர் ஒயரைத் திறந்து வைத்தால் போதும். முதலில் கறுக்கும், அப்புறம் பச்சை பூக்கும், ஸ்க்ரூவுக்கு அடியில் பிடிப்பு போய்க் கரகரவென்று சத்தம் வரும். படகு ஒயரிங்கில் வெள்ளீயம் பூசிய செம்பு போடுவது இதனால்தான். நான் ஒவ்வொரு முனையிலும் ஒரு முழம் உபரியாகச் சுருட்டி வைத்திருக்கிறேன், வெட்டி வெட்டிப் புதுசு பண்ண.

போன மாதம் முதல் தடவையாக எல்லா முனைகளையும் திறந்தேன். 60 ரூபாய் ஒயரில் எதிர்பார்த்த பச்சை இருந்தது. அடுத்து நகைப் பெட்டிக் கேபிள். வெளியே தங்க முலாம் வாங்கிய அன்றைக்கு மாதிரியே மின்னியது. பின்னின் ஸ்க்ரூவைத் தளர்த்தி ஒயரை உருவினேன்: அதே பச்சை. அம்புக்குறி போட்ட பக்கத்தில் கொஞ்சம் கூடவே. கட்டிங் பிளேயரை எடுத்து இரண்டிலும் ஒரே அளவு, ஒரு அங்குலம், வெட்டினேன்.