என்விடிஏ: ஆறு வருடமாக என் காதில் ஓடும் அலுவலகம்

எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. மதுரையில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். கடிதம், பட்டியல், கணக்கு எல்லாமே என்விடிஏ என்ற திரைவாசிப்பான் வழியாகத்தான். விண்டோஸ் கணினியில் திரையில் இருப்பதைக் குரலாக்கித் தரும் மென்பொருள் இது.

இதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் 2006-ல் எழுதத் தொடங்கினார், ஜேம்ஸ் டே பிறகு சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். நிரல் திறந்த மூலம், யாரும் பார்க்கலாம், திருத்தலாம்; தமிழாக்கம் தன்னார்வலர்கள் செய்தது. பயன்படுத்துகிறவரே செய்த பொருள் என்பது சின்னச் சின்ன இடங்களில் தெரிகிறது. எக்செல்லில் தலைப்பு வரிசையின் முதல் செல்லில் நின்று இன்செர்ட், ஷிப்ட், சி அழுத்தினால் போதும். பிறகு பக்கவாட்டில் நகரும்போது "பெயர்", "தொகை" என்று தலைப்பைச் சேர்த்தே படிக்கும். எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்று விரலும் மனசும் தேட வேண்டியதில்லை. "ரூ." என்பதை "ரூபாய்" என்றும் "வ.எண்" என்பதை "வரிசை எண்" என்றும் படிக்க நானே பேச்சு அகராதியில் எழுதி வைத்திருக்கிறேன். சீட் மாறினாலும் கவலையில்லை, பென் டிரைவிலிருந்தே ஓடும்.

உடன் வரும் இ-ஸ்பீக் தமிழ்க் குரல் இயந்திரத்தனமானது. புதிதாகக் கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும். விசையை அழுத்திய கணமே பேசுகிறது, எவ்வளவு வேகம் வைத்தாலும் எழுத்து குழைவதில்லை.

மென்பொருள் மட்டும் இருந்து ஆகிற வேலையில்லை இது. எங்கள் நிலுவைப் பதிவேட்டில் முடியாத மனுக்களுக்குச் சிவப்பு வண்ணம் அடித்து வைத்திருந்தார்கள், மேலே நான்கு வரிசைகளை ஒன்றாக இணைத்துப் பெரிய தலைப்பு. எனக்கு அது சுவர். ஒரு நாள் பக்கத்து சீட் அக்காவை என் இடத்தில் உட்காரவைத்து, இன்செர்ட், கன்ட்ரோல், எஸ்கேப் அழுத்தித் திரையைக் கருப்பாக்கினேன். (திரைச்சீலை என்ற இந்த வசதி, சம்பளப் பட்டியல் பார்க்கும்போது பின்னால் நிற்பவர் கண்ணில் படாமலிருக்கவும் உதவும்.) பத்து நிமிஷம் அம்புக்குறி விசைகளோடு மல்லாடிவிட்டு அவர் கேட்டார்: "ஏன் தம்பி, எது சிவப்புன்னு இது சொல்லவே மாட்டேங்குதே?"

வண்ணத்தையும் சொல்லவைக்கலாம். ஆனால் செல்லுக்குச் செல் வண்ணம் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை ஓடாது. அன்று மாலையே இருவரும் சேர்ந்து இணைத்த செல்களைப் பிரித்தோம், "நிலை" என்று புதிய பத்தி (நெடுவரிசை) போட்டோம். நான் பத்திகளின் வரிசையைச் சொன்னேன், அவர் அகலத்தைப் பார்த்துக்கொண்டார். மறுவாரம் கண்காணிப்பாளர் மேடம் அதையே எல்லாப் பிரிவுக்கும் அனுப்பினார். கருப்பு வெள்ளையில் அச்செடுத்தால் சிவப்பு மறைந்துபோகிற பழைய தொல்லையும் அதோடு போயிற்று.

இன்னும் இரண்டு இடத்தில் தடுக்குகிறது. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தமிழக அரசு 2010-லேயே ஏற்று ஆணையிட்டுவிட்டது. இன்றும் பழைய எழுத்துருவில் தட்டிய கடிதம் வந்தால், காதில் விழுவது ஆங்கில எழுத்துக் குப்பைதான். இன்னொன்று, நாங்கள் தினமும் திறக்கும் ஓர் இணையப் பக்கம். அதில் பெயரில்லாத நான்கு பொத்தான்கள். என்விடிஏ நான்கையும் "பொத்தான்" என்றுதான் சொல்ல முடியும். எது "சமர்ப்பி", எது "நீக்கு" என்று எண்ணி மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். பக்கத்தைச் செய்தவர்கள் ஒரு பார்வையற்றவரை ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்காரவைத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 20-வது பிரிவு, தடையற்ற சூழலை அரசு நிறுவனங்கள் தர வேண்டும் என்கிறது. அதைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் பிரிவுக்குப் பார்வையற்றவர் யாராவது பணிக்கு வருகிறார் என்றால், அவர் வரும் முன்பே உங்கள் கணினியில் இதை நிறுவுங்கள். திரைச்சீலையை இறக்கிவிட்டு உங்கள் பதிவேட்டை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மாற்றுவதை மட்டும் அவர் வந்த பிறகு, அவரோடு சேர்ந்து செய்யுங்கள்.