கொரியாவில் இலவச பாப் ஸ்மியர் பரிசோதனை: சுவோனிலிருந்து ஒரு விமர்சனம்

தேசிய உடல்நலக் காப்பீட்டில் இருக்கும் பெண்களுக்கு 20 வயதிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை இங்கே இலவசம். கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர்தான் அது. காப்பீட்டில் இருக்கும் நம்மைப் போன்ற வெளிநாட்டுக்காரர்களுக்கும் உண்டு. இரட்டைப்படை வருடத்தில் பிறந்தவர்கள் இரட்டைப்படை வருடத்தில் போகலாம், மற்றவர்கள் ஒற்றைப்படையில்.

வீட்டுப் பக்கத்து மகளிர் கிளினிக்குக்குத்தான் போனேன். இடுப்பில் எலாஸ்டிக் வைத்த பாவாடை ஒன்றைத் தந்தார்கள். உட்கார்ந்ததும் நாற்காலி தானாக உயர்ந்து சாய்ந்தது. இடுப்புக்கு மேலே குறுக்காக ஒரு திரை. டாக்டர் முகம் நமக்குத் தெரியாது, நம் முகம் அவருக்கும் தெரியாது. கூச்சம் குறையும் என்று இங்கே பலர் இதை விரும்புகிறார்கள். எனக்கோ அதுதான் பயமாக இருந்தது. எடுத்துவிடச் சொன்னேன், உடனே எடுத்தார். அப்புறம் ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லியே செய்தார். பிரஷ்ஷால் ஒரு சுழற்று, அவ்வளவுதான். வலி இல்லை, லேசான அழுத்தம்தான்.

குறை என்றால் படிவம் நிரப்பும் இடம். எல்லோரும் பார்க்கும் கவுண்டரில் நின்றுகொண்டு, புகைப்பீர்களா என்ற கேள்விக்கு எந்தப் பெண் உண்மை எழுதுவாள்? கொரியாவில் பெண்கள் சொன்ன பதிலை, புகைப்பதைக் காட்டிக்கொடுக்கும் சிறுநீர்ப் பரிசோதனையோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், வாய்விட்டுச் சொன்னவர்களைவிட உண்மையில் புகைக்கும் பெண்கள் அதிகம் என்று தெரிந்திருக்கிறது. புகை இந்தப் புற்றுநோய்க்கான ஆபத்தைக் கூட்டும் என்பதால் அந்தப் பதில் முக்கியம். தனி அறையில் கேட்டால் என்ன?

இன்னொன்று, நாமாகக் கேட்டால்தான் விளக்குகிறார்கள். கேட்டதும் டாக்டர் பொறுமையாகவே சொன்னார். மூல காரணம் ஹெச்பிவி வைரஸ். பெரும்பாலும் உடம்பே அதை விரட்டிவிடும். வருடக்கணக்கில் தங்கிவிட்டால்தான் ஆபத்து. புகை, நிறையப் பிரசவம், பல வருடம் கருத்தடை மாத்திரை, எதிர்ப்பு சக்திக் குறைவு எல்லாம் அதற்குத் துணை போகும். உலகமெங்கும் இந்த வைரஸின் 16, 18 வகைகள்தான் பிரதானம் என்றாலும், கொரியப் பெண்களிடம் 52, 58 வகைகளும் அடிக்கடி தென்படுகின்றன. 2016-இல் 12 வயதுச் சிறுமிகளுக்கு அரசு இலவசமாகப் போடத் தொடங்கிய தடுப்பூசிகளில் இந்த இரண்டும் கிடையாது. வைரஸின் ஒன்பது வகைகளைத் தடுக்கும் தடுப்பூசியில் உண்டு. ஊசி போட்டாயிற்று என்று பரிசோதனையை விட்டுவிடக் கூடாது என்று அழுத்திச் சொன்னார். அந்த வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் ஹெச்பிவி பரிசோதனை இந்த இலவசத்தில் சேராது, தனியாகக் காசு கட்ட வேண்டும்.

பரிசோதனை வயதை 30-லிருந்து 20-ஆகக் குறைத்ததும் 2016-இல்தான். ஆனாலும் என்னோடு வேலை செய்யும் கல்யாணமாகாத கொரியப் பெண்கள் போவதில்லை. மகப்பேறு மருத்துவரிடம் போவதை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கம் அவர்களுக்கு. எனக்கு மனசே ஆறவில்லை. இவ்வளவு நல்ல சேவை வாசலிலேயே காத்திருக்கிறது, போய் வரத்தான் ஆள் இல்லை.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். மாதவிலக்கு நாட்களைத் தவிர்த்து நேரம் வாங்குங்கள். நவம்பர், டிசம்பரில் கூட்டம் அலைமோதும், அதற்கு முன்பே போய்விடுங்கள்.