ரெக்கார்டு கழுவ 'தூய நீர்' விற்கிறார்கள், உஷார்!

இசைத்தட்டு கழுவுவதற்கென்றே தயாரித்த தூய நீர், வேறெதுவும் சேர்க்கப்படாதது என்று லேபிளில் போட்டிருந்தார்கள். நம்பி வாங்கினேன். கழுவிக் காயவைத்த தட்டை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. ஓடவிட்டால் முன்பு இல்லாத சடசடப்பு, ஊசி முனையில் மாவு போலப் படிவு.

விற்றவரிடம் கேட்டதற்கு, "ஊசி தேய்ந்திருக்கும் சார்" என்றார். கழுவாத தட்டு அதே ஊசியில் சுத்தமாகப் பாடுகிறதே என்றேன். அப்படியானால் கழுவிய தட்டு பழசாம்!

நீரின் மின்கடத்தலை வைத்து, கரைந்துள்ள உப்பை மதிப்பிடும் டி.டி.எஸ். மீட்டரைப் பாட்டில் நீரில் வைத்தேன். 300க்கு மேல் காட்டியது. லிட்டருக்கு 300 மில்லிகிராம் உப்பு. டிஸ்டில்டு வாட்டர் என்றால் சுழியம், மிஞ்சிப்போனால் ஒன்றிரண்டு காட்ட வேண்டும். படத்தை அனுப்பியதும், மீட்டர் காட்டுவது அதில் உள்ள சோப்பை என்றார். எதுவும் சேர்க்கவில்லை என்று லேபிளில் இருக்கிறதே என்றேன். அதன் பிறகுதான் உண்மை வந்தது: "அது சாஃப்ட்னர்ல போட்ட தண்ணி சார், உப்பே படியாது."

ஏமாற்று இங்கேதான் இருக்கிறது. கடின நீரை மென்னீராக்கும் கருவிதான் சாஃப்ட்னர்; அது உப்பை எடுப்பதில்லை, மாற்றுகிறது. கால்சியமும் மக்னீசியமும் போய் அந்த இடத்தில் சோடியம் வந்து உட்காரும். குழாயில் சுண்ணாம்பு கட்டாது, சோப்பு நன்றாக நுரைக்கும். துணி துவைக்க அருமையான தண்ணீர். ஆனால் டி.டி.எஸ். குறையவே குறையாது. எல்.பி. இசைத்தட்டில் ஊசி ஓடும் பள்ளம் தலைமுடியைவிட ஒடுக்கம். நீர் ஆவியானதும் கரைந்திருந்தது அத்தனையும் அதற்குள் தங்கும், ஊசி அதன்மேல் ஏறி ஓடும். நல்லவேளையாக சோடிய உப்பு தண்ணீரில் எளிதில் கரையும். டிஸ்டில்டு வாட்டரில் அலசி, உலரும் முன்பே ஒற்றி எடுத்ததில் பெரும்பகுதி போய்விட்டது. சுண்ணாம்பாக இருந்திருந்தால் இவ்வளவு சுலபமாகப் போயிருக்காது.

"இந்த நீர் மட்டும் போதும், வேறு திரவமே வேண்டாம்" என்றும் விளம்பரத்தில் இருந்தது. அதுவும் பொய். வெறும் நீர் எவ்வளவு தூய்மையானாலும், தட்டு செய்யும் பிளாஸ்டிக்கான வினைல் மேல் முத்து முத்தாக உருண்டு நிற்குமே தவிர, பள்ளத்துக்குள் சரியாக இறங்காது. முதல் கழுவலுக்கு நுரை அதிகம் வராத, மணமில்லாத, நீரைப் பரவச் செய்யும் நனைப்புத் திரவம் சில துளி வேண்டும். தூய நீர் கடைசி அலசலுக்கு. நடு லேபிள் நனையக்கூடாது, அது காகிதம்.

வாங்கும் முன், டிஸ்டில்டா, டீஅயனைஸ்டா (உப்பின் அயனிகளை நீக்கியதா), டி.டி.எஸ். எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். 'தூய', 'அல்ட்ரா', 'ஸ்பெஷல்' இவையெல்லாம் பதிலாகாது. ஆர்.ஓ. நீர் உள்ளே போகும் தண்ணீரைப் பொறுத்தது, அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். குடிநீர் பாட்டிலில் ருசிக்காகத் தாது உப்பு சேர்த்திருப்பார்கள். கொதிக்கவைத்து ஆறிய நீர் வேண்டவே வேண்டாம். கடினத்தன்மையில் ஒரு பகுதி அடியில் படியும், மற்ற உப்பெல்லாம் இன்னும் செறிவாகும்.

மீட்டரையும் முழுதாக நம்பாதீர்கள். மின்னூட்டம் இல்லாத எண்ணெயும் ஆல்கஹாலும் அதன் கண்ணில் படாது. துடைத்த கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டுக் காயவிடுங்கள். வளையம் விழுந்தால் அந்த நீரைத் தட்டுப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அந்தச் சொட்டின் படத்தையும் அனுப்பினேன். விற்றவர் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.