தவிலுக்காக டிக்கியில் ஒரு மூலை

அப்பாவின் டிசையர் காரில் நாதஸ்வரக் கச்சேரி ஓடாத நாள் கிடையாது. ஆனால் வண்டியோடு வந்த ஸ்பீக்கரில் தவிலின் வலந்தலை, அதாவது கணீரென்ற வலது பக்கம், மட்டும்தான் பேசும். கனத்த ஒலி தரும் இடது பக்கமான தொப்பி எழும்பவே எழும்பாது. டொராண்டோவிலிருந்து மூன்று வார விடுமுறையில் வந்த நான், இந்த முறை கனத்த ஒலிக்கென்றே உள்ள சப்வூஃபர் ஸ்பீக்கர் ஒன்றைப் போட்டே தீருவது என்று இருந்தேன். அப்பாவுக்கு ஒரே நிபந்தனை: டிக்கியில் இடம் குறையக் கூடாது. ஊரிலிருந்து அரிசி மூட்டை வருவது அதில்தான்.

சென்னையில் கார் சாமான் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. முதலில் ஏறிய கடையில் ரெடிமேட் பெட்டி ஒன்றைக் காட்டி, வண்டி ஒயரை வெட்டி இணைத்து இரண்டு மணி நேரத்தில் தந்துவிடுவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டோம். அடுத்துப் பார்த்தவர் டிக்கியைத் திறந்து, இடது பக்கம் சக்கர வளைவுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். "இந்தப் பள்ளம் சும்மாதான் சார் கிடக்கு. ஃபைபர்ல அச்சு எடுத்துடலாம். மூணு நாள் வண்டிய விடுங்க."

மூன்று நாளும் நான் அங்கேதான் இருந்தேன். தகரத்தின் மேல் மாஸ்கிங் டேப்பும் அலுமினியத் தாளும் ஒட்டி, அதன்மேல் கண்ணாடி இழைப் பாயை விரித்து, ரெசின் என்ற பிசினைத் தடவித் தடவி அடுக்கு ஏற்றினார். காய்ந்ததும் அந்த மூலையின் வடிவம் அப்படியே ஓடாகக் கழன்று வந்தது. முகப்பை மூடியதும் உள்ளே தண்ணீர் ஊற்றி அளந்தார். 11 லிட்டர். 8 அங்குல சப்வூஃபருக்கு அது போதும். இன்னும் சிறுத்திருந்தால் வெறும் 'தொம் தொம்' மட்டும்தான் மிஞ்சும். ஒயரையும் கத்தியால் சுரண்டிக் காட்டினார். செம்பு முலாம் பூசிய அலுமினியமாக இருந்தால் உள்ளே வெள்ளை தெரியும். இது உள்ளேயும் செம்பு. பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், பவர் ஒயர் ஒரு பக்கம், சிக்னல் ஒயர் மறுபக்கம்.

எல்லாம் மாட்டி ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கூடவே ஒரு 'ஙொய்' சத்தம். எர்த் கொடுத்த போல்டுக்கு அடியில் பெயிண்ட் இருந்திருக்கிறது. சொல்வதற்கு முன்பே கழற்றி, வேறு இடத்தில் தகரம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து மாட்டினார். சத்தம் நின்றது. அந்த ஒரு காரியத்துக்காகவே அவரிடம் யாரையும் அனுப்புவேன்.

கடைசியில் அப்பாவை உட்கார வைத்தோம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை மட்டும் சப்வூஃபருக்கு விட்டிருந்தார். அப்பா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "தொப்பி இன்னும் கொஞ்சம் முன்னாடி வரணும் தம்பி" என்றார். 100-க்கு ஏற்றியதும் தலையாட்டினார்.

மொத்தம் 24,000 ரூபாய். ரெசின் வாடை போக ஒரு வாரம் டிக்கியை வெயிலில் திறந்து வைத்தோம். அதனால் புறப்படுகிற வாரத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். ஸ்டெப்னி எடுப்பதற்கும் தடையில்லை. போன ஞாயிறு இரண்டு மூட்டை அரிசி வந்து இறங்கியது.