ஜூரிக்குச் சொன்னதில் பிழையா, சரக்கின் அளவில் பிழையா: மேல்முறையீட்டில் எது கைகொடுக்கும்?

அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் போதைப்பொருள் சதி வழக்கில் தண்டனை பெற்றவர்கள் மேல்முறையீட்டில் அதிகம் நம்புவது இரண்டு வாதங்களை. நீதிபதி ஜூரிக்குச் சட்டத்தைத் தப்பாக விளக்கினார் என்பது ஒன்று. சரக்கின் அளவை ஜூரி முடிவு செய்யவே இல்லை என்பது இன்னொன்று.

முதல் வாதம் ஜெயித்தால் தீர்ப்பே ரத்தாகும். புது விசாரணை கிடைக்கும். உதாரணத்துக்கு, வெறும் வாங்கல் விற்றல் மட்டுமே சதி ஆகாது என்று ஜூரிக்குச் சொல்லும்படி வக்கீல் கேட்டு, நீதிபதி மறுத்திருக்கலாம். ஆனால் மாதக்கணக்கில் கடனுக்குச் சரக்கு கைமாறியது என்று சாட்சி வந்திருந்தால், அது வெறும் வியாபாரத்தைத் தாண்டிய கூட்டு என்று தோன்றும்; இது எடுபடுவது கடினம். அப்புறம், குற்றத்தின் ஒரு கூறையே ஜூரியிடம் விடாமல் போனாலும், அந்தப் பிழையால் முடிவு மாறியிருக்காது என்றால் தீர்ப்பு நிற்கும் என்று 1999-இல் நெடர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அளவு வாதத்தில் பரிசு சிறியது: குற்றத்தீர்ப்பு அப்படியே இருக்கும், தண்டனை மட்டும் குறையும். ஆனால் அந்தக் குறைப்பு சாதாரணமானது இல்லை. முந்தைய தண்டனை இல்லாதவருக்கு 5 கிலோ கோகைன் என்றால் குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். 500 கிராம் என்றால் 5 முதல் 40 ஆண்டு. அளவே நிரூபணமாகாவிட்டால் உச்சவரம்பு 20 ஆண்டு, கட்டாயக் குறைந்தபட்சம் கிடையாது. உச்சவரம்பை உயர்த்தும் அளவை ஜூரிதான் முடிவு செய்ய வேண்டும் என்பதற்கு 2000-இன் அப்ரெண்டி தீர்ப்பும், குறைந்தபட்சத்துக்கும் அதுவே என்பதற்கு 2013-இன் அலெய்ன் தீர்ப்பும் ஆதாரம். கணக்கில் எடுக்க வேண்டியது கும்பலின் மொத்தச் சரக்கா, அவரவர் பங்கா என்பதில் மேல்முறையீட்டு நீதிமன்றங்களே ஒத்துப்போவதில்லை. அதனால் வழக்கு எந்த மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் எல்லைக்குள் நடந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கட்டாயக் குறைந்தபட்சம் இல்லாமல் 20 ஆண்டுக்குள் கிடைத்த தண்டனைக்கு இந்த வாதம் உதவாது.

என் கணிப்பில், கட்டாயத் தண்டனையில் சிக்கியவருக்கு அளவு வாதமே நம்பகமானது. ஆனாலும் விசாரணையிலேயே ஆட்சேபிக்காவிட்டால் இரண்டுமே வலுவிழக்கும். 2002-இன் காட்டன் வழக்கில் குற்றப்பத்திரிகையில் அளவு இல்லை. 20 ஆண்டு வரம்பைத் தாண்டி 30 ஆண்டும் ஆயுளும் விதித்தார்கள். பிழை என்பதை அரசே ஒப்புக்கொண்டது. ஆட்சேபம் எழுப்பப்படவில்லை, சாட்சியமோ மிக வலுவாக இருந்தது என்று தண்டனை அப்படியே நின்றது. ஆகவே முதலில் புரட்ட வேண்டியது, ஜூரி ஆலோசனைக்குப் போகும் முன் வக்கீல்கள் அறிவுறுத்தல்களைப் பற்றிப் பேசிய நடவடிக்கைக் குறிப்பின் பக்கங்களைத்தான்.