செல்லாத பேட்டர்னைக் கண்டதும் நிற்கும் மெர்க்குரியல், சொல்லாமல் கடந்துவிடும் கிட்

நிரல் கோப்புகளில் செய்யும் மாற்றங்களின் வரலாற்றைப் பதிவுசெய்து வைக்கும் கருவிகளான மெர்க்குரியலையும் கிட்டையும் பல ஆண்டுகளாக மாறி மாறிப் பயன்படுத்தி வருகிறேன். அதே வகைக் கருவியான பிட்கீப்பரின் இலவசப் பயன்பாடு, லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை உருவாக்கும் குழுவுக்குக் கிடைக்காமல் போனதைத் தொடர்ந்து, இரண்டும் 2005 ஏப்ரலில் உருவானவை. ஆனால், புறக்கணிக்க வேண்டிய கோப்புகளைக் குறிக்கும் இக்னோர் கோப்பில் பிழையான வரி ஒன்று இருந்தால், இரண்டும் நடந்துகொள்ளும் விதம் நேரெதிரானது.

மெர்க்குரியலில், வேறு வகை என்று நாம் குறிப்பிடாதவரை, இக்னோர் கோப்பின் ஒவ்வொரு வரியும், அதாவது கோப்புப் பெயர்கள் பொருந்த வேண்டிய ஒவ்வொரு பேட்டர்னும், எழுத்து வரிசைகளை விவரிக்கும் குறிமுறையான ரெகெக்ஸாகவே படிக்கப்படும். நட்சத்திரக் குறி எந்த எழுத்துகளுக்கும் பொருந்தும் கிட் பழக்கத்தில் ஒருமுறை நட்சத்திரக் குறியில் தொடங்கும் வரியை எழுதிவிட்டேன். ரெகெக்ஸில் அந்தக் குறி தனக்கு முன்னால் உள்ளதன் மீது செயல்படுவது. முன்னால் ஒன்றுமே இல்லாததால் வரி செல்லாததாகிவிட்டது. கோப்புகளின் நிலையைக் காட்டும் ஸ்டேட்டஸ் கட்டளை அங்கேயே நின்று, இக்னோர் கோப்பின் பாதையையும் தவறான பேட்டர்னையும் காட்டியது. கோப்பின் தலைப்பில், கிட்டைப் போலவே நட்சத்திரக் குறியைப் படிக்கும் குளோப் முறை என்று அறிவிக்கும் ஒரு வரியைச் சேர்த்ததும் சரியாயிற்று. அந்த அறிவிப்பிலேயே முறையின் பெயரைத் தவறாக எழுதினால் மட்டும், எச்சரிக்கை ஒன்றைத் தந்துவிட்டு மேலே செல்லும்.

கிட்டில் இந்த நிறுத்தம் இல்லை. வரியின் கடைசியில் பின்சாய்கோடு தனியாக நின்றால், அது எந்தக் கோப்புக்கும் பொருந்தாத செல்லாத பேட்டர்ன் என்று அதன் கையேடே கூறுகிறது. ஆனால் திரையில் ஒரு சொல்கூட வராது. மூடப்படாத சதுர அடைப்புக்குறியும் அப்படியே அமைதியாகக் கடந்துபோகிறது.

எனக்கு உண்மையிலேயே இழப்பைத் தந்தது வேறொரு வரி. மெர்க்குரியலில் வரியின் இறுதியில் ஹேஷ் குறியிட்டுக் குறிப்பு எழுதலாம். கிட்டிலோ அந்தக் குறி வரியின் தொடக்கத்தில் இருந்தால்தான் குறிப்பாகக் கொள்ளப்படும். கடவுச்சொல் இருந்த அமைப்புக் கோப்பின் பெயருக்கு அருகிலேயே, அதை ஏன் தவிர்க்கிறோம் என்று நான் எழுதி வைத்த விளக்கமும் சேர்ந்து ஒரே பேட்டர்னாகிவிட்டதால், அந்தக் கோப்பு கமிட்டில் (மாற்றங்களின் பதிவில்) ஏறி, புஷ்ஷும் ஆகி எல்லோரும் பகிரும் சேமிப்பகத்துக்குப் போய்விட்டது. கடவுச்சொல்லை மாற்றினேன்; ஆனால் வரலாற்றிலிருந்து அதை நீக்க, உடன் பணிபுரிந்த அனைவரும் ரெப்போவை, அதாவது அந்தச் சேமிப்பகத்தை, புதிதாக குளோன் செய்ய (நகலெடுக்க) வேண்டியதாயிற்று.

இலக்கணப்படி அந்த வரி செல்லும் என்பதால், அதைத் தடுக்கவில்லை என்று கிட்டைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால், செல்லாதது என்று தானே அறிந்த பேட்டர்னுக்காவது ஓர் எச்சரிக்கை தரலாம் என்பதே என் கருத்து. வேலை நடுவில் தடைபடுவது எரிச்சல்தான் என்றாலும், மெர்க்குரியலின் வழியையே நான் விரும்புகிறேன்.

1.8.2 பதிப்பு முதல் கிட்டில் செக்-இக்னோர் என்ற கட்டளை உண்டு. அதற்கு 'வி' விருப்பத்தைச் சேர்த்தால், எந்த இக்னோர் கோப்பின் எத்தனையாவது வரியில் உள்ள எந்தப் பேட்டர்ன் பொருந்தியது என்பதைச் சொல்லும். இப்போது இக்னோர் கோப்பில் புதிய வரி சேர்க்கும்போதெல்லாம், அதற்குப் பொருந்த வேண்டிய கோப்பின் பெயரைக் கொடுத்து இக்கட்டளையை இயக்குகிறேன். பதில் வராவிட்டால் கமிட் செய்வதில்லை.