தூளி எங்கே கட்டுவது? கைக்குழந்தையோடு முதல் கப்பல்: ஆலப்புழையா, சென்னையா, சிங்கப்பூரா

கப்பலில் போகலாம் என்று வீட்டில் பேச்செடுத்ததும் அமத்தா (அம்மாவழிப் பாட்டி) ஒரே கேள்விதான் கேட்டார். “ஏங்கண்ணு, அங்க தூளி எங்க கட்டுவே?”

ஈரோடு பக்கம் கோபிசெட்டிபாளையத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்குக் கடல் என்பதே ஒரு ராத்திரி ரயில் தூரம். அதில் கைக்குழந்தையோடு ஏறுவதென்றால் வீட்டில் பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்கும். ஆனாலும் போனோம். மகளுக்கு ஏழு மாதம் ஆனபோது பிப்ரவரியில் ஆலப்புழைப் படகுவீடு, பதினொன்றாம் மாதம் சூனில் சென்னையிலிருந்து இரண்டு ராத்திரிக் கப்பல். என் நங்கை (அண்ணி முறை) ஒன்றரை வயதுப் பையனோடு சிங்கப்பூர்க் கப்பலில் போய்வந்தார். மூன்றையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்ததில், பணத்தைவிட முதலில் பார்க்க வேண்டியது குழந்தையின் பருவம் என்று தோன்றுகிறது. மடியில் கிடக்கிறதா, தவழ்கிறதா, ஓடுகிறதா? அதற்கேற்ப விடை மாறுகிறது.

ஆறு மாதத்துக்கு முன்னால் இந்த யோசனையே வேண்டாம். பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் ஆறு மாதம் நிரம்பாத குழந்தையை ஏற்றுவதில்லை. தொடர்ந்து பல நாள் கரையே தொடாத நெடும்பயணம் என்றால் ஒரு வயது ஆகியிருக்க வேண்டும். கணக்கு, கப்பலேறும் தேதிக்குத்தான். பதிவு செய்யும் தேதிக்கல்ல. நம் ஊர்க் கணக்கிலும் இது சரியாகவே வருகிறது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். 6, 10, 14 வாரங்களில் கொடுக்கும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தும் அதற்குள் முடிந்திருக்கும். பலர் அடைந்து கிடக்கும் கப்பலில் வயிற்றுப்போக்கு பரவினால் வேகமாகப் பரவும் என்பதால் அந்தச் சொட்டு மருந்து எனக்குப் பெரிய தெம்பு. கப்பல்களில் அதிகம் பேசப்படும் நோரோ வைரஸுக்குத் தடுப்பூசி கிடையாது. கைக்குத் தேய்க்கும் சானிடைசரும் அதற்குச் சரியாக வேலை செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான்.

இனி ஆலப்புழை. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதுதான் கைக்கு எட்டும் தூரம். சென்னையிலிருந்து வரும் ஆலப்புழை எக்ஸ்பிரஸில் நள்ளிரவுக்கு மேல் ஈரோட்டில் ஏறினால் விடிந்து சில மணி நேரத்தில் இறங்கிவிடலாம். பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம். அமத்தாவின் கேள்விக்கும் இங்கேதான் விடை கிடைத்தது. படகுக்காரரிடம் சொன்னதும் உட்காரும் கூடத்தின் குறுக்குக் கட்டையை இழுத்துப் பார்த்துவிட்டு, அவரே சேலையை வாங்கித் தூளி கட்டிக் கொடுத்தார். தண்ணீரில் படகு நகர, மகள் இரண்டரை மணி நேரம் தூங்கினாள். வீட்டில்கூட அப்படித் தூங்கியதில்லை.

சாப்பாடும் இங்கே சுலபம். சமையல்காரர் படகிலேயே இருக்கிறார். முளைகட்டிய ராகி மாவை நான் கொண்டு போயிருந்தேன். குழந்தையின் சின்னப் போசியையும் (பாத்திரம்) கொடுத்துவிட்டேன், உப்பும் சர்க்கரையும் போடாமல் கூழ் காய்ச்சித் தந்தார். சாயங்காலம் ஐந்தரை ஆனால் மீனவர்கள் வலை போடுவதற்காகப் படகைக் கரையோரம் கட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு கொசு. பல படகுகளில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் ஏசி ஓடும். அதுவரை கொசுவலைதான் துணை, மறக்காமல் எடுத்துப் போங்கள். உடம்புக்கு முடியாமல் போனால் கரை பக்கத்திலேயே இருக்கிறது, வண்டானத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

ஆனால் இதே படகில் தவழும் குழந்தையோடு ஏற மாட்டேன். பக்கவாட்டில் கைப்பிடி தாழ்வு, சில இடங்களில் இடைவெளியும் பெரிது. முன்தளத்தில் இரண்டு எட்டு வைத்தால் தண்ணீர். பெரியவர்களுக்கான உயிர்காப்பு உடுப்பு மாட்டியிருந்தது, ஏழு மாதக் குழந்தையின் அளவில் ஒன்றுகூட இல்லை. 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், அவர்களில் பலர் குழந்தைகள். அது அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு, படகுவீடு அல்ல. இருந்தாலும் அந்தச் செய்தியைப் படித்த எந்தத் தாய்க்கும், தண்ணீருக்குப் போகும்போது குழந்தையின் அளவுக்கு உடுப்பு இருக்கிறதா என்று கேட்காமல் இருக்க முடியாது. முன்கூட்டியே கேளுங்கள். இல்லை என்றால் இங்கிருந்தே வாங்கிப் போங்கள்.

பெரிய கப்பல் இந்த ஒரு விஷயத்தில் தெளிவாக மேல். சோலாஸ் என்னும் பன்னாட்டுக் கடற்பாதுகாப்பு உடன்படிக்கைப்படி, 24 மணி நேரமோ அதற்கு மேலோ ஓடும் பயணிகள் கப்பலில் ஏறும் ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் அதன் அளவில் உயிர்காப்பு உடுப்பு இருக்க வேண்டும். கிளம்பும்போதே அவசரகாலப் பயிற்சியும் நடக்கும். குழந்தை அழுகிறது என்று அதைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

சென்னைக் கப்பலுக்கு ஒரு பருவம் உண்டு. தென்மேற்குப் பருவமழையில் அரபிக்கடல் கொந்தளிக்கும்போது கப்பல் வங்கக் கடல் பக்கம் வருவது வழக்கம். கார்டெலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் 2022 சூனில் முதல்வர் ஸ்டாலின் கொடியசைக்கச் சென்னையிலிருந்து கிளம்பியதைப் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அதே வங்கக் கடல் ஐப்பசி, கார்த்திகையில் புயல் கடலாகிவிடும், அந்த மாதங்களில் கைக்குழந்தையோடு எனக்குத் துணிவு வராது.

இங்கே நான் தடுக்கி விழுந்த இடம் ஒன்று. பயண முகவர் இரண்டு பேருக்கான அறையைப் பதிவு செய்துவிட்டு, “பாப்பாவை அப்புறம் சேத்துக்கலாங்க” என்றார். அது நடக்காது. மடியில் வைத்திருந்தாலும் குழந்தையும் கப்பல் கணக்கில் ஒரு பயணிதான், உயிர்காப்புப் படகில் அவளுக்கும் ஓர் இடம் வேண்டும். மூன்று பேர் தங்கும் அறைக்கு மாற்றி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அறைக்குள் தூளி கட்டக் கொக்கியும் இல்லை, கட்டையும் இல்லை. கட்டில் தொட்டில் வேண்டுமென்றால் பதிவின்போதே சொல்லி வைக்க வேண்டும். நான் பதினைந்து நாள் முன்பிருந்தே வீட்டில் தூளியை அவிழ்த்துவிட்டு, காலில் போட்டு ஆட்டிப் பழக்கினேன். முதல் நான்கு நாள் அழுகை. அமத்தா என்னோடு பேசவே இல்லை. ஆனால் கப்பலில் அந்தப் பழக்கம்தான் கைகொடுத்தது. கீழ்த்தளத்தில் நடுப்பகுதி அறையாகக் கேட்டு வாங்குங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. இரண்டு வயதுக்குக் கீழே குழந்தைகளுக்குக் கடல் மயக்கம் வருவது அபூர்வம். தலை சுற்றிப் படுத்தது நான்தான். பால் கொடுப்பவர்கள் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டே எடுத்துப் போக வேண்டும்.

ராகிக் கூழுக்கு இங்கே வழியில்லை. கெட்டில், ஸ்டெரிலைசர் போன்று சூடாகும் சாதனங்களைப் பல கப்பல்களில் அறைக்குள் அனுமதிப்பதில்லை, வீட்டில் சமைத்ததையும் ஏற்றவிடுவதில்லை. உணவுக்கூடத்தில் இட்லி, பருப்புச் சாதம், தயிர், வாழைப்பழம் கிடைத்தது, அதுவே போதுமாக இருந்தது. பிளாஸ்க் நீட்டினால் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார்கள். நீச்சல் குளத்தை மட்டும் மறந்துவிடுங்கள். டயப்பர் மாட்டும் குழந்தையை, நீச்சல் டயப்பர் போட்டாலும், பல கப்பல்களில் குளத்தில் இறக்க மாட்டார்கள்.

சென்னையின் உண்மையான சிரமம் கப்பலில் இல்லை, காத்திருப்பில். ஈரோட்டிலிருந்து ஏற்காடு எக்ஸ்பிரஸ் இருட்டிலேயே சென்ட்ரலில் இறக்கிவிடுகிறது. கப்பலேற்றமோ மதியத்துக்கு மேல். அத்தனை நேரம் சென்னை வெயிலில் குழந்தையோடு எங்கே போவது? அறை எடுத்தே ஆக வேண்டும், அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

சிங்கப்பூர் இதனால்தான் நினைப்பதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. கோவையிலிருந்து நேர் விமானம், நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுத்தால் காது அடைப்பு தெரியாது. அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். வீட்டில் ஒன்பது மணிக்குத் தூங்கும் பையன் கப்பலில் பதினொன்றரைக்குத் தூங்கி, தாமதமாக எழுந்தான். நங்கைக்கு அது வரம், ராத்திரிச் சாப்பாட்டை நிதானமாகச் சாப்பிட்டிருக்கிறார். ராயல் கரீபியனின் சில கப்பல்களில் 6 முதல் 36 மாதக் குழந்தைகளுக்குக் காப்பகம் உண்டு, மணிக்கணக்கில் கட்டணம். சிலவற்றில் டயப்பர் குழந்தைகளுக்கென்றே தனித் தண்ணீர்த் திடலும் உண்டு. ஓடியாடும் குழந்தைக்கு இந்த இரண்டும் பெரிய விஷயம்.

தாள் வேலைதான் இங்கே மலை. குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட், தனி விசா. கப்பல் சிங்கப்பூரில் கிளம்பி அங்கேயே திரும்புவதால் விசா பலமுறை நுழையும் வகையா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் முன்னதாகப் போய்த் தங்குங்கள், விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. கப்பலில் மருத்துவர் இருப்பார், ஆனால் குழந்தை மருத்துவர் இருப்பார் என்று நம்பிப் போகாதீர்கள். கட்டணமும் அதிகம், ஆகவே காப்பீடு இல்லாமல் ஏற வேண்டாம்.

மடியில் கிடக்கும் வரை ஆலப்புழை. தவழத் தொடங்கிவிட்டால் சூன் முதல் செப்டம்பருக்குள் சென்னை, அதுவும் இரண்டே ராத்திரி. நடந்து ஓடுகிற ஒன்றரை வயதில் சிங்கப்பூர். மூன்றில் ஒன்றுதான் முடியும் என்பவர்களுக்கு நான் சென்னையைச் சொல்வேன். இரண்டு ராத்திரி சரிப்படவில்லை என்றாலும் தாங்கிக்கொள்ளலாம், மூன்றாம் நாள் வீடு வந்துவிடும்.

மகளுக்கு இப்போது பதினான்கு மாதம். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். நான்கு வயதுக்குக் கீழே என்றால் படத்தை நாமே கொண்டு போக வேண்டும், வெள்ளைப் பின்னணி, கண் திறந்திருக்க வேண்டும். அப்பிச்சியின் (அம்மாவழித் தாத்தா) சலவை வேட்டியைத் திண்ணையில் விரித்துப் பிடித்தது அமத்தாதான். “கண்ணு, இங்க பாரு, இங்க பாரு” என்று அவர் கூப்பிடக் கூப்பிட, அவள் கேமராவைப் பார்க்காமல் அமத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினேழாவது படம்தான் சரியாக வந்தது.